மாதச் சம்பளக்காரர் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போடலாமா?

கேள்வி: டெக்சஸில் ஒரு தனியார் நிறுவனத்தின் ஐ.டி. ஹெல்ப் டெஸ்கில் வேலை பார்க்கிறேன். எச்-4 விசா, வேலை அனுமதி அட்டை இருக்கிறது. வாரத்துக்கு 1,200 டாலர் சம்பளம். வேலை 50 மணி நேரம் இழுக்கிறது. ஓவர்டைம் கேட்டால், "சம்பள ஊழியருக்கு அது கிடையாது" என்கிறார்கள். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். உங்கள் மேலாளர் சொல்வது பாதிதான் சரி. 1938-ஆம் ஆண்டு கூட்டாட்சி ஊதியச் சட்டப்படி, வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும். ஓவர்டைம் தராமலிருக்க நிறுவனம் விலக்கு பெற நிலையான சம்பளம் மட்டும் போதாது; செய்கிற வேலையும் அந்த வகையில் இருக்க வேண்டும். கணினித் துறை விலக்கு சிஸ்டம் அனலிஸ்ட், புரோகிராமர் போன்றவர்களுக்கானது. பாஸ்வேர்டு மாற்றித் தருவதும், பிரிண்டர் கோளாறு பார்ப்பதும், தீராத டிக்கெட்டை (உதவிக் கோரிக்கையை) மேலதிகாரிகளிடம் தள்ளிவிடுவதும் அதில் வராது. இப்படிப்பட்ட ஐ.டி. சப்போர்ட் வேலைக்கு விலக்கு இல்லை என்று தொழிலாளர் துறையே 2006-இல் கருத்துக் கடிதம் கொடுத்திருக்கிறது. பதவிப் பெயர் என்னவென்பது பொருட்டல்ல.

பெரிய சண்டை தொகையில்தான் வரும். 1,200 டாலர் 40 மணி நேரத்துக்கான சம்பளம் என்றால் மணிக்கு 30 டாலர், ஓவர்டைம் 45. 10 மணி நேரத்துக்கு வாரம் 450 டாலர் பாக்கி. நிறுவனமோ, "எத்தனை மணி நேரம் ஆனாலும் அதே சம்பளம் என்றுதான் பேச்சு" என்று வாதிடும். அது எடுபட்டால் 1,200-ஐ 50-ஆல் வகுத்து மணிக்கு 24. 50 மணி நேரத்துக்கும் அடிப்படைக் கூலி சம்பளத்திலேயே வந்துவிட்டதாகக் கொள்வதால், அதில் பாதியான 12 மட்டும் கூடுதலாக வரும், அதாவது வாரம் 120 டாலர். டெக்சஸ் நீதிமன்றங்களில் இந்த வாதம் எடுபட்டிருக்கிறது. ஆகவே ஆஃபர் லெட்டரில் '40 மணி நேரம்' என்று ஒரு வரி இருந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள்.

வழக்குப் போடக் கெடு 2 வருடம். தெரிந்தே ஏமாற்றியதாகவோ சட்டத்தைச் சட்டை செய்யாமல் விட்டதாகவோ நிரூபித்தால் 3. வழக்குப் பதிவாகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள் என்பதால், தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் ஒரு பழைய வாரம் கைவிட்டுப் போகும். தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தாலும் இந்தக் கடிகாரம் நிற்காது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். நல்லெண்ணத்தோடு நடந்ததாக நிறுவனம் காட்டாவிட்டால், பாக்கிக்குச் சமமான தொகை இழப்பீடாகவும் சேரும். ஜெயித்தால் உங்கள் வக்கீல் கட்டணமும் அவர்கள் தலையில்.

நேரப் பதிவு நிறுவனத்தின் கடமை. அவர்கள் வைக்கவில்லையென்றால் நியாயமான மதிப்பீடு போதும் என்பது 1946 முதல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நிலைப்பாடு. அதனால் நாள்வாரியாகத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், இரவில் எடுத்த அழைப்புகளைச் சொந்த நோட்டில் எழுதுங்கள். கம்பெனி ஃபைல்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அள்ளி அனுப்பாதீர்கள். எதிர்வழக்குக்கு நீங்களே வாசல் திறந்துவிட்டதாகும்.

சக ஊழியர்கள் சேர்ந்தால் பலம்தான். ஆனால் ஒருவர் தொடுத்த வழக்கில் மற்றவர்கள் தாமாகச் சேர்ந்துவிட மாட்டார்கள். ஒவ்வொருவரும் எழுத்துச் சம்மதம் தாக்கல் செய்ய வேண்டும். அவரவர் கெடு அந்த நாள்வரை ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டு வழக்கென்றால், முதலில் தொடுத்தவரின் சம்மதமும் தனியாக வேண்டும். வேலையில் சேரும்போது நடுவர் தீர்ப்பு ஒப்பந்தத்தில் (தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் தனியார் நடுவரிடம் தீர்த்துக்கொள்ளும் ஒப்பந்தம்) கையெழுத்திட்டீர்களா என்றும் பாருங்கள். அதில் கூட்டு வழக்கைத் தடுக்கும் வரி இருந்தால் செல்லும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு தனித்தனியாக நடுவர் முன்தான் போக வேண்டும்.

செலவில்லாத வழி, தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் புகார் கொடுப்பது. அவர்கள் மேற்பார்வையில் பாக்கியை வாங்கும்போது டபிள்யூ.எச்.-58 என்ற படிவம் வரும். கையெழுத்திட்டுப் பணத்தைப் பெற்றுக்கொண்டால், அந்தக் காலத்துக்கு வழக்குப் போடும் உரிமை போய்விடும். தொகை சரிதானா என்று முதலில் கணக்குப் பாருங்கள்.

புகார் கொடுத்ததற்காக உங்களை வேலையை விட்டு நீக்கினால், அதற்காக நிறுவனத்தின் மேல் தனியாக வழக்குப் போடலாம். உங்கள் விசா கணவர் அல்லது மனைவியின் எச்-1பி-யைச் சார்ந்தது. இந்த நிறுவனத்தின் கையில் இல்லை.