ஹாம்லெட்: திரைக்குப் பின்னால் யார்?

ஷேக்ஸ்பியர் நாடகத்தின் நாயகன், டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்டுக்கு நிஜமாகவே பைத்தியமா, நடிப்பா?

ஆரம்பம் நடிப்புதான், அதில் சந்தேகம் வேண்டாம். சித்தப்பன் கிளாடியஸ் தன்னைக் கொன்று அரசனானான் என்று சொல்லும் அப்பாவின் ஆவியைப் பார்த்த கையோடு, நண்பன் ஹொரேஷியோவையும் காவலன் மார்செல்லஸையும் நிறுத்தி, 'நான் கிறுக்குத்தனமாக நடந்துகொள்ளலாம். காரணம் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாதீர்கள்' என்று சத்தியம் வாங்கிவிடுகிறான். ஆனால் அவன் காதலித்த ஒபீலியாவின் சவக்குழியருகே அவள் சகோதரன் லேயர்டீஸோடு மல்லுக்கட்டுவதை நடிப்பு என்று என்னால் நம்ப முடியவில்லை. அப்புறம் வாள்சண்டைக்கு முன்னால் லேயர்டீஸிடம் மன்னிப்புக் கேட்கும்போது, எல்லாப் பழியையும் தன் பைத்தியத்தின் தலையில் கட்டுகிறான். அது வசதியாகத்தான் இருக்கிறது.

நாடகம் முழுக்க யாராவது ஒளிந்துகொண்டே இருக்கிறார்களே, ஏன்?

கதை நடக்கும் எல்சினோர் அரண்மனையின் நிர்வாகமே அப்படித்தான் நடக்கிறது. அரசனின் ஆலோசகரும் ஒபீலியா, லேயர்டீஸ் இருவரின் அப்பாவுமான பொலோனியஸைப் பாருங்கள். பாரிஸில் இருக்கும் சொந்த மகனை வேவு பார்க்க வேலைக்காரன் ரெய்னால்டோவை அனுப்புகிறார். மகன்மீது குறிப்பிட்ட சந்தேகம் எதுவும் கிடையாது. அவனைப் பற்றிச் சின்னச் சின்னப் பொய்களை நீயே கிளப்பிவிடு, மற்றவர்கள் வாயிலிருந்து உண்மை தானாக வரும் என்று பாடம் வேறு நடத்துகிறார்.

மூன்றாம் அங்கத்தில் மகளின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து உலாவவிட்டு, அவளோடு ஹாம்லெட் பேசுவதை அவரும் அரசன் கிளாடியஸும் மறைந்து நின்று கேட்கிறார்கள். இருவரும் கேட்டது ஒரே பேச்சைத்தான். பொலோனியஸ் காதல் தோல்வி என்ற தன் பழைய முடிவிலேயே நிற்கிறார். கிளாடியஸோ, இது காதலும் இல்லை, பைத்தியமும் இல்லை, இவன் மனதுக்குள் ஆபத்தான ஏதோ ஒன்று இருக்கிறது என்று புரிந்துகொண்டு, அங்கேயே அவனை இங்கிலாந்துக்கு அனுப்ப முடிவெடுக்கிறான். என்னைக் கேட்டால், நாடகத்தின் திறமையான ஒற்றன் அரசன்தான். பொலோனியஸ் அடுத்தமுறை ஹாம்லெட்டின் தாயான அரசி கெர்ட்ரூடின் அறையில் திரைக்குப் பின்னால் ஒளிந்து, ஹாம்லெட்டின் வாளால் குத்துப்பட்டுச் சாகிறார்.

ஹாம்லெட்டும் இதில் சளைத்தவன் இல்லை. அப்பாவின் கொலையைப் போன்ற கதையை நாடகத்துக்குள் நாடகமாகப் போட்டு, தானும் ஹொரேஷியோவும் கிளாடியஸின் முகத்தைக் கண்காணிக்கிறார்கள். இங்கிலாந்து போகும் கப்பலில் அரசனின் கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் பிரிப்பவனும் அவன்தான். எலிசபெத் கால ரசிகர்களுக்கு இது புதிதல்ல. எலிசபெத் அரசியின் உளவு வேலைகளை நடத்திய அமைச்சர் வால்சிங்கத்தின் ஒற்றர்கள் ரகசியக் கடிதங்களைப் பிரித்துப் படித்ததால்தான் ஸ்காட்லாந்து அரசி மேரி 1587-ல் தலையை இழந்தார்.

அரசியின் அறையில் மறுபடி வரும் ஆவி கெர்ட்ரூடுக்குத் தெரியவில்லை. அப்படியானால் அது பிரமையா?

முதல் காட்சியில் காவலர்களும் ஹொரேஷியோவும் பார்த்தார்களே! அறைக்காட்சியில் மட்டும் பிரமை என்று வாதிடலாம், வாதம் முடியாது.

ஒபீலியாவின் பைத்தியம் எப்படி வேறுபடுகிறது?

அவளுக்கு அது வேஷம் இல்லை. ஹாம்லெட்டை விட்டு விலகு என்றார்கள், விலகினாள். தூண்டில் இரையாக நிற்கச் சொன்னார்கள், நின்றாள். கடைசியில் அப்பாவைக் கொன்றது அவள் நேசித்தவன். புத்தி தடுமாறிய பிறகுதான் பூக்களைப் பங்கிட்டுக்கொண்டும் பாடிக்கொண்டும் மனதில் இருப்பதைச் சொல்கிறாள். அவளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும்படி கிளாடியஸ் உத்தரவிட்டும் ஓடையில் மூழ்குகிறாள். ஆடை விரிந்து மிதந்ததுவரை கெர்ட்ரூட் வர்ணிக்கிறாளே, அதைப் பார்த்தவர் யார், ஏன் கைகொடுக்கவில்லை? நாடகம் சொல்வதில்லை.

பைத்திய வேஷம் ஷேக்ஸ்பியரின் சொந்தக் கற்பனையா?

இல்லை. 12-ஆம் நூற்றாண்டு டென்மார்க்கில் வாழ்ந்த சாக்ஸோ கிராமட்டிகஸ் லத்தீனில் எழுதிய வரலாற்றில் ஹாம்லெட் கதையின் மூலமான அம்லெத் கதை வருகிறது. தாயின் அறையில் வைக்கோலுக்கடியில் பதுங்கிய ஒற்றனை அம்லெத் கொன்று, வேகவைத்துப் பன்றிகளுக்குப் போடுகிறான்! அங்கே சித்தப்பன் செய்த கொலை ஊரறிந்தது. பையன் உயிர்தப்ப அசடாக நடிக்கத்தான் வேண்டும். ஷேக்ஸ்பியரில் கொலை ரகசியம். கிறுக்கு வேஷம் போடாமல் இருந்திருந்தால், அவனுடைய பழைய நண்பர்கள் ரோசன்கிராண்ட்ஸையும் கில்டன்ஸ்டெர்னையும் அவசரமாக வரவழைத்து ஹாம்லெட்மேல் ஏவ கிளாடியஸுக்குக் காரணமே இருந்திருக்காது.