லண்டனில் குற்றவியல் பாரிஸ்டர்: எக்ஸ்ட்ராடிஷன் வழக்குகள் பற்றிய கேள்வி பதில்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றவியல், எக்ஸ்ட்ராடிஷன் வழக்குகளில் ஆஜராகும் பாரிஸ்டர் (கோர்ட்டில் வாதாடும் வழக்கறிஞர்) ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குத் தந்த பதில்கள் இவை.

கோவை வாசகர்: செய்திகளில் எல்லாவற்றையும் "நாடு கடத்தல்" என்றே எழுதுகிறார்கள். டிப்போர்ட்டேஷனும் எக்ஸ்ட்ராடிஷனும் ஒன்றுதானா?

இல்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் புழங்குவதால் வரும் குழப்பம் இது. வெளிநாட்டவர் ஒருவர் இங்கே இருக்கக் கூடாதென்று அரசு தானாக முடிவு செய்து வெளியேற்றுவது டிப்போர்ட்டேஷன். அது குடிவரவுச் சட்டம், அதற்குத் தீர்ப்பாயமும் வேறு. "எங்கள் வழக்குக்கு இவர் வேண்டும்" என்று இன்னொரு நாடு கேட்டு, நீதிமன்றம் ஆராய்ந்த பிறகு ஒப்படைப்பது எக்ஸ்ட்ராடிஷன். சொந்தக் குடிமகனையே பிரிட்டன் ஒப்படைக்கும்.

2003ஆம் ஆண்டு எக்ஸ்ட்ராடிஷன் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அதன் முதல் பகுதி முக்கியமாக ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு. இந்தியா, இலங்கை, அமெரிக்கா எல்லாம் இரண்டாம் பகுதியில் வரும். இங்கிலாந்து, வேல்ஸ் வழக்குகள் எல்லாம் முதலில் வெஸ்ட்மின்ஸ்டர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கே வரும்.

சென்னை சட்டக் கல்லூரி மாணவி: நான் பாரிஸ்டர் ஆக என்னென்ன படிகள்?

லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் ஆகிய நான்கு பாரிஸ்டர் சங்கங்களில் (இவற்றைத்தான் "இன்" என்பார்கள்) ஒன்றில் உறுப்பினராக வேண்டும். பாரிஸ்டருக்கான பார் கோர்ஸ் தொடங்குவதற்குக் குறைந்தது 12 வாரங்களுக்கு முன்பே சேர்ந்துவிடுங்கள். கோர்ஸ் கட்டணம் பல இடங்களில் 10,000 பவுண்டைத் தாண்டும். இன்கள் தரும் உதவித்தொகைக்கு முந்தைய ஆண்டு நவம்பர் தொடக்கத்திலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். நம் பிள்ளைகள் பலர் கோட்டைவிடும் இடம் இதுதான்: கோர்ஸில் இடம் கிடைத்த பிறகு பணத்தைத் தேடுகிறார்கள்.

கோர்ஸோடு இன் நடத்தும் 10 தகுதி அமர்வுகளையும் முடித்தால் "கால்" (Call) எனப்படும் பாரிஸ்டர் பட்டம் கிடைக்கும். அந்தப் பட்டம் வந்துவிட்டதென்று கோர்ட்டில் வாதாட முடியாது. அதற்குப் பியூப்பிலேஜ் என்ற 12 மாதப் பயிற்சி வேண்டும். பொது விண்ணப்பத் தளத்தில் ஜனவரியில் விண்ணப்பிக்கத் தொடங்கலாம், மே மாதம் முடிவு வரும். உண்மையான வடிகட்டி இதுதான். கால் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு முதல் முயற்சியில் இடம் கிடைப்பதில்லை. கோர்ஸ் முடித்த ஐந்தாண்டுக்குள் பியூப்பிலேஜ் தொடங்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இந்தியாவில் அட்வகேட்டாக ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கு வேறு வழி உண்டு. பாரிஸ்டர்களை ஒழுங்குபடுத்தும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டிடம் விண்ணப்பித்தால், வெளிநாட்டு வழக்கறிஞர் பாரிஸ்டராக மாறுவதற்கான தேர்வின் எந்தெந்தத் தாள்களை எழுத வேண்டும் என்று சொல்வார்கள். பல ஆண்டு கோர்ட் அனுபவம் இருந்தால் பியூப்பிலேஜிலும் சலுகை கேட்கலாம்.

யாழ்ப்பாண வாசகர்: நேரடியாக எக்ஸ்ட்ராடிஷனில் நுழைய முடியுமா?

முடியும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். பியூப்பிலேஜின் முதல் ஆறு மாதம் சீனியர் பின்னால் நடப்பது; இரண்டாம் ஆறு மாதத்தில் சொந்தமாக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்பீர்கள். மாலை ஆறு மணிக்கு அலுவலக கிளார்க் கேஸ் கட்டை அனுப்புவார், காலை பத்து மணிக்கு வாதம். பெயில் மனு, அடிதடி, கடைத்திருட்டு என்று நூறு சின்ன வழக்குகளில் நாக்கும் காதும் பழகிய பிறகு எக்ஸ்ட்ராடிஷனுக்கு வந்தால், சாட்சியிடம் கேள்வியை எப்போது நிறுத்த வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

ஹாரோ வாசகி: பிரான்ஸ் கேட்டதாகச் சொல்லி என் உறவினரைக் கைது செய்தால் முதல் நாள் என்ன நடக்கும்?

கூடிய விரைவில் வெஸ்ட்மின்ஸ்டரில் நிறுத்துவார்கள். வாரண்டில் உள்ள ஆள் இவர்தானா, வாரண்டின் நகல் கையில் கொடுக்கப்பட்டதா என்று நீதிபதி பார்ப்பார். பிறகு, போகச் சம்மதமா என்று கேட்பார். பயத்தில் "சரி, போகிறேன்" என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எழுத்தில் தந்த சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது. டியூட்டி சொலிசிட்டரிடம் (கோர்ட்டில் முறை வைத்து உதவும் வழக்கறிஞர்) பேசும்வரை பதில் சொல்ல வேண்டாம்.

பெயிலுக்கு: குற்றம் சாட்டப்பட்டவர் மட்டும் என்றால் பெயில் தரலாம் என்ற அனுமானம் அவர் பக்கம், தண்டனை பெற்றுத் தப்பியவர் என்றால் அந்த அனுமானம் இல்லை. பெரும்பாலும் ரொக்கப் பிணை கேட்பார்கள், அது கட்டி முடித்த பிறகே விடுதலை. குடும்பத்தார் பணத்தோடு வங்கிக் கணக்கு விவரத்தையும் கொண்டு வர வேண்டும். எங்கிருந்து வந்த பணம் என்று சொல்ல முடியாமல் பிணை தள்ளிப்போவது அடிக்கடி நடக்கிறது.

மதுரை வழக்கறிஞர்: வாரண்டில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

வாரண்ட் படிவத்தில் உள்ள "டி" பெட்டியை. ஆள் இல்லாமலே விசாரணை நடந்ததா என்று அங்கேதான் எழுதியிருக்கும். நடந்திருந்தால், அவர் வேண்டுமென்றே வராமல் இருந்தாரா, திரும்பிப் போனால் மறுவிசாரணை உரிமை உண்டா என்ற இரண்டு கேள்விகள். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் பெர்ட்டினோ, மெர்ட்டிகாரியு என்ற இரு வழக்குகளில் இதைத் தெளிவாக்கியது. மறுவிசாரணை என்பது உறுதியான உரிமையாக இருக்க வேண்டும். அங்குள்ள நீதிபதி மனம் வைத்தால் கிடைக்கும் என்பது போதாது.

அடுத்து, கட்சிக்காரர் தப்பியோடியவரா என்பது. ஆண்டுகள் பல கடந்துவிட்டன என்ற வாதம், தானே ஓடிப்போனவருக்குப் பொதுவாகக் கிடைக்காது. அதனால் வாக்குமூலம் எழுதும்போது எந்த மாதம் நாட்டைவிட்டு வந்தார், அப்போது வழக்கு இருப்பது தெரியுமா, முகவரி மாறினால் அறிவிக்கச் சொல்லி எதிலாவது கையெழுத்திட்டாரா என்று துருவிக் கேட்க வேண்டும். இங்கே மழுப்பினால் குறுக்கு விசாரணையில் எல்லாம் சரிந்துவிடும்.

குடும்ப வாழ்க்கை வாதத்துக்கு 2015இல் செலின்ஸ்கி வழக்கில் ஒரு வழிமுறை சொல்லப்பட்டது: ஒப்படைக்கக் காரணங்கள் ஒரு பக்கம், வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் மறுபக்கம் என்று தராசுத் தட்டுப் போல நீதிபதி எழுத வேண்டும். உங்கள் பக்கத் தட்டில் வைக்கக் காகிதம் வேண்டும். பள்ளிக் கடிதம், மருத்துவக் குறிப்பு, வேலைச் சான்று எதுவும் இல்லாமல் "பிள்ளைகள் கஷ்டப்படுவார்கள்" என்று மட்டும் சொல்வது எடையற்றது.

அதே வழக்கறிஞர்: இந்தியா கேட்கும் வழக்குகள் எப்படி வேறுபடும்?

முதல்நோக்கில் வழக்கு இருக்கிறதென்று இந்தியா காட்ட வேண்டும். அமெரிக்காவுக்கு அது தேவையில்லை. நம் ஊர் வழக்கறிஞர்கள் வியக்கும் இடம் ஒன்று உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவில் (இப்போது அதற்குப் பதிலான பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 180) போலீசிடம் தரும் வாக்குமூலம் இந்திய விசாரணையில் சாட்சியமாகாது. இங்கோ, 2003 சட்டத்தின் 84ஆம் பிரிவு புலனாய்வு அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தை நீதிபதி ஏற்க இடம் தருகிறது.

தஞ்சாவூர் வாசகர்: மல்லையா வழக்கில் சிறை அறையைப் பற்றி ஏன் அவ்வளவு பேச்சு?

ஒப்படைத்தால் மனிதத்தன்மையற்ற நடத்தைக்கு ஆளாவாரா என்று நீதிமன்றம் பார்த்தே ஆக வேண்டும். அதனால்தான் மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12ஆம் பாரக்கை வீடியோ எடுத்துக் காட்டினார்கள். 2018 டிசம்பரில் மாஜிஸ்திரேட் கோர்ட் அவருக்கு எதிராக முடிவு செய்தது, 2020 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம் அப்பீலைத் தள்ளியது. மாறாக, 2025 பிப்ரவரியில், இந்தியா கேட்ட இன்னொருவரான சஞ்சய் பண்டாரி வழக்கில் திகார் சிறையில் வன்முறை, மிரட்டல் ஆபத்து உண்டென்று உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அளவுகோல்களும் உண்டு. பலர் தங்கும் அறையில் ஒருவருக்கு 3 சதுர மீட்டருக்குக் குறைவாக இருந்தால் உரிமை மீறல் என்ற வலுவான அனுமானம் எழும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2016இல் சொன்னது. எனவே அரசு தரும் உறுதிமொழியில் எந்தச் சிறை, எந்த அறை, எத்தனை மீட்டர், யார் கண்காணிப்பார் என்று வரிவரியாகப் பார்ப்போம்.

திருச்சி ஜூனியர்: அப்பீலில் பெரும்பாலும் எங்கே தவறு நடக்கிறது?

நாள் எண்ணுவதில். முதல் பகுதி வழக்கில் 7 நாள், உத்தரவு வந்த நாளையும் சேர்த்து. செவ்வாய் உத்தரவென்றால் அடுத்த திங்களே கடைசி. அதற்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, எதிர்த்தரப்பான கிரவுன் பிராசிக்யூஷன் சர்வீஸுக்கும் சேர்ப்பிக்க வேண்டும். இரண்டாம் பகுதியில், உள்துறை அமைச்சர் ஒப்படைக்க உத்தரவிட்டதை ஆளிடம் தெரிவித்த நாளிலிருந்து 14 நாள். தவறினால், முடிந்ததெல்லாம் செய்தார் என்று அந்த ஆளே நிரூபிக்க வேண்டியிருக்கும். சிறையில் இருப்பவர் தபாலை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. தீர்ப்பு முடிந்து கீழே லாக்கப்பில் பார்க்கும்போதே அப்பீல் பற்றிய அறிவுறுத்தலை எழுதி வாங்கிவிடுங்கள்.

லூட்டன் வாசகர்: வருமானம் எப்படி?

ஆரம்பத்தில் இறுக்கம்தான். நாம் சுயதொழில் செய்பவர்கள், மாதச் சம்பளம் கிடையாது. லீகல் எய்ட் (அரசு தரும் சட்ட உதவி) கட்டணம் வழக்கு முடிந்த பிறகே வரும், அதிலும் ஒரு பங்கு பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகமான சேம்பர்ஸுக்குப் போகும். இந்தக் கட்டணத்துக்காகத்தான் 2022இல் குற்றவியல் பாரிஸ்டர்கள் வேலைநிறுத்தம் செய்து 15 சதவீத உயர்வு பெற்றார்கள். வரும் ஒவ்வொரு பணத்திலும் மூன்றில் ஒரு பங்கை வரிக்குத் தனியாக வையுங்கள். வரி கட்டும் நாட்களான ஜனவரி 31, ஜூலை 31 இரண்டும் தவறாமல் வரும்.

சென்னை மாணவி மீண்டும்: லண்டன் வந்ததும் முதலில் என்ன செய்யட்டும்?

மேரிலெபோன் ரோட்டில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வாரநாளில் போங்கள். பார்வையாளருக்கு அனுமதி இலவசம். எக்ஸ்ட்ராடிஷன் பட்டியல் எந்த அறையில் என்று கேட்டு, பின்வரிசையில் ஒரு நோட்டுடன் உட்காருங்கள். அங்கே விக், கவுன் கிடையாது. அவற்றை ஸ்ட்ராண்டில் உள்ள உயர் நீதிமன்றத்தில்தான் பார்ப்பீர்கள். ஒவ்வொரு வழக்கிலும் வாய்தா ஏன் கேட்டார்கள் என்று மட்டும் எழுதி வாருங்கள். லீகல் எய்ட் படிவம் நிறைவேறவில்லை, நிபுணர் அறிக்கை வரவில்லை, மொழிபெயர்ப்பாளர் வரவில்லை என்று அந்தப் பட்டியல் நீளும். பியூப்பிலேஜ் நேர்காணலில் பேச உங்களுக்கு அதுவே கைகொடுக்கும்.