மூன்று வயது முடிந்ததும் ‘பெரிய பையன்’ ஆகிவிடுவானா?

கேள்வி: என் மகனுக்கு அடுத்த மாதம் 3 வயது முடிகிறது. தினமும் மூன்று வேளை பால்பாட்டில், ஒவ்வொன்றும் 240 மில்லி. டயப்பர் இருக்கிறது. மதியம் இரண்டு மணி நேரம் தூங்குவான். ‘இனிமேல் அவன் கைக்குழந்தை இல்லை, எல்லாவற்றையும் பிறந்தநாளோடு நிறுத்து’ என்கிறார் என் அத்தை. ஜூனில் பிரீகேஜியில் சேர்க்கிறோம், இன்னும் மூன்று மாதம்தான். டாட்லர் பருவம் உண்மையில் எப்போது முடிகிறது? எதை எப்போது நிறுத்துவது? ‘அம்மா தண்ணி குடு’ என்பதுபோல மூன்று சொல் வாக்கியங்கள் பேசுகிறான். வெளியாட்களுக்குப் பாதிதான் புரிகிறது.
— ஒரு வாசகி, சேலம்

பதில்: உங்கள் அத்தை சொல்வதில் பாதி சரி. பாட்டில் ஒன்றரை வயதிலேயே போயிருக்க வேண்டும், அதை உடனே நிறுத்துங்கள். டயப்பரும் பகல் தூக்கமும் பிறந்தநாள் பார்த்துப் போகிறவை அல்ல. மூன்றையும் ஒரே நாளில் பிடுங்கினால் மூன்றுமே திரும்பி வந்துவிடும்.

டாட்லர் என்றால் தளர்நடைக் குழந்தை. பிள்ளைத்தமிழில் குழந்தையை நடந்துவரச் சொல்லி அழைக்கும் ‘வருகை’ப் பருவம், ஓராண்டு நிறைகிற காலத்தில்தான் தொடங்குகிறது. மருத்துவத்திலும் 1 வயது முதல் 3 வயது முடியும்வரை டாட்லர், அதன்பிறகு 5 வயதுவரை பள்ளிமுன் பருவம். அங்கன்வாடித் திட்டத்தின் தேசிய விதியிலும் இதே கோடுதான். 3 வயதுவரை உணவை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள், 3 முடிந்தால் குழந்தையே மையத்துக்கு வந்து உட்காரலாம். தமிழ்நாட்டில் மட்டும் 2 வயதிலிருந்தே மையத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கோட்டை 3 வயதில் போட்டதற்குக் காரணம் உண்டு. நடை, பேச்சு, விளையாட்டு மூன்றும் ஏறத்தாழ அந்த வயதில் மாறுகின்றன. ஆனால் ஒரே வாரத்தில் மாறுவதில்லை.

நடையை வீட்டு மாடிப்படியில் பார்க்கலாம். ஒன்றரை வயதில் கால்களை அகட்டி, கைகளைத் தூக்கிக்கொண்டு, பாதத்தைத் தட்டையாக வைத்து நடந்த பிள்ளை, இப்போது குதிகாலை முதலில் ஊன்றிக் கைவீசி நடக்க வேண்டும். படியேறும்போது ஒரு படிக்கு ஒரு கால் என்று மாற்றி வைப்பது இந்த வயதில் வரும். இறங்கும்போது அப்படி வர 4 வயதுகூட ஆகலாம். முழங்கால்கள் ஒன்றையொன்று தொடுவதுபோல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். 3, 4 வயதில் அது அதிகமாகத் தெரியும், 7 வயதுக்குள் பெரும்பாலும் நேராகிவிடும். ஒரு காலில் மட்டும் அப்படி இருந்தாலோ, நொண்டினாலோ காட்டுங்கள்.

விளையாட்டில் பார்க்க வேண்டியது, பக்கத்தில் தனியாக விளையாடுகிறானா, சேர்ந்து விளையாடுகிறானா என்பது. 2 வயதில் இரண்டு பிள்ளைகள் ஒரே மணலில் முதுகைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு டப்பாவை நிரப்புவார்கள். 3 வயதில் ஒருவன் ‘நான் டிரைவர், நீ கண்டக்டர்’ என்பான், மற்றவன் டிக்கெட் கிழிப்பான். ஒரு கிரேயானைக் கொடுத்து நீங்கள் ஒரு வட்டம் போட்டுக் காட்டுங்கள். கோணலாக இருந்தாலும் சுற்றி வந்து மூடுகிற கோடு ஒன்றை அவன் போட்டால் போதும்.

பேச்சுக்குச் சற்றுக் கூடுதல் கவனம் வேண்டும். 2 வயதில் வெளியாட்களுக்குப் பாதி புரிவது இயல்பு. 3 வயதில் முக்கால் பங்காவது புரிய வேண்டும். ‘எங்கே போனே?’ ‘பார்க்குக்கு.’ ‘அங்கே யாரு இருந்தா?’ ‘பாப்பா.’ இப்படி இரண்டு சுற்றாவது பேச்சு போய்வர வேண்டும். ‘யாரு, எங்கே, ஏன்’ என்று அவனே கேட்க வேண்டும். மூன்று சொல் சேர்ப்பது நல்ல அறிகுறி. ஆனால் பாதிதான் புரிகிறது என்கிறீர்கள், அதனால் பள்ளி திறப்பதற்கு முன் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுச்செவியில் நீர் தேங்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, பேச்சு மட்டும் மழுங்கிக் கேட்கும். கேட்பது மழுங்கினால் உச்சரிப்பும் மழுங்கும். ‘பையன்கள் லேட்டாகத்தான் பேசுவார்கள்’ என்று ஒரு வருடத்தைக் கடத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதைக் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். அருகில் எங்கே இருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இனி பாட்டில். மூன்று வேளை 240 மில்லி என்றால் நாளைக்கு 720 மில்லி. இந்த வயதுக்குத் தயிரையும் சேர்த்து 400 முதல் 500 மில்லி போதும். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மேலும், வயிறு பாலிலேயே நிரம்பிவிட்டால் சோறு, பருப்பு, கீரை, முட்டைக்கு இடமிருக்காது. அவன் வெளுத்திருந்தாலோ, மண் தின்றாலோ இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை.

ஒருமுறை அவன் மேலுதட்டைத் தூக்கி, முன்பற்கள் ஈறோடு சேரும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தை தொடங்கிவிட்டது என்று பொருள். பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கும்போது பால் மேற்பற்களைச் சுற்றித் தேங்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிவிடும். அதனால் கீழே நன்றாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். வெள்ளைக் கோடாக இருக்கும்போதே பல் மருத்துவரிடம் போனால் பல்லைக் குடையாமல் நிறுத்த வாய்ப்பு உண்டு.

நிறுத்தும் முறை: முதலில் மதியப் பாட்டில். நான்கு நாள் கழித்துக் காலைப் பாட்டில். கடைசியாக இரவு. காலையும் மாலையும் 150 மில்லி வீதம், சின்ன டம்ளரில் கால்வாசி கால்வாசியாக ஊற்றிக் கொடுங்கள். இரவில் பால் முதலில், பிறகு பல் துலக்கல், பிறகு கதை, பிறகு படுக்கை. இந்த வரிசை மாறக்கூடாது. நடுராத்திரி கேட்டால் டம்ளரில் தண்ணீர் மட்டும். மூன்று நான்கு இரவுகள் அழுவான். ஐந்தாம் நாள் மனமிரங்கிப் பாட்டிலைக் கொடுத்தால், ஐந்து நாள் அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான், அடுத்த முறை இன்னும் கடினம். பாட்டிலுக்குப் பதிலாக உறிஞ்சும் சிப்பரில் பால் கொடுக்க வேண்டாம், அதுவும் பாட்டில்தான்.

டயப்பருக்கு இந்த அவசரம் தேவையில்லை. பகலில் இரண்டு மணி நேரமாவது நனைக்காமல் இருக்கிறானா? வந்த பிறகாவது சொல்கிறானா? ஜட்டியைத் தானே கீழிறக்குகிறானா? மலம் வரும்போது கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறானா? இவற்றில் மூன்று இருந்தால் தொடங்கலாம். சாப்பிட்டு முடித்த 15, 20 நிமிடத்தில் குடல் தானாகவே அசையும். அப்போது 5 நிமிடம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் கோப்பையானால் சின்ன வளையமும், காலுக்கு ஒரு முக்காலியும் வேண்டும். கால் அந்தரத்தில் தொங்கினால் முக்க முடியாது. சிறுநீரையும் முதலில் உட்கார்ந்தே கழிக்கட்டும்.

இதில் பலரும் தடுமாறும் இடம் மலச்சிக்கல். ஒருமுறை கெட்டியாகப் போய் வலித்துவிட்டால் பிள்ளை அடுத்த முறை அடக்கும். நுனிக்காலில் நின்று, தொடைகளை இறுக்கி, முகம் சிவக்கும். பார்ப்பவர்கள் முக்குகிறான் என்று நினைப்பார்கள். உண்மையில் அடக்குகிறான். சில நாள் தேங்கிய பிறகு இளகிய மலம் ஓரமாகக் கசிந்து ஜட்டியில் படும், உடனே வீட்டில் பேதி என்பார்கள். இப்படி இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவர் சொல்லும் மலமிளக்கியைத் தொடங்குங்கள். மலம் தொடர்ந்து மென்மையாகப் போன பிறகுதான் மறுபடி பயிற்சி. பால் குறைந்து சோறும் பழமும் ஏறினால் இதுவும் பாதி சரியாகும். பாட்டிலை முதலில் நிறுத்தச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இதுதான்.

தொடர்ந்து ஏழு நாள் காலையில் உலர்ந்திருந்தால் இரவு டயப்பரை எடுக்கலாம். 5 வயதுவரை படுக்கை நனைவது நோயல்ல. அதற்காக ஒரு சொல்கூடத் திட்ட வேண்டாம்.

பகல் தூக்கத்தை நீங்கள் நிறுத்த வேண்டாம், அது தானே உதிரும். 3 முதல் 5 வயதுவரை பகலும் இரவும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. இரவில் 9 மணிக்குள் தூங்கிவிடுகிறான் என்றால் மதியத் தூக்கம் அப்படியே இருக்கட்டும். 11 மணிவரை விழித்திருந்தால் மதியத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்து, 3 மணிக்குள் எழுப்புங்கள். மதியம் தூங்காத நாளில் மாலை ஆறுக்கு அற்பத்துக்கெல்லாம் அழுது, வண்டியில் ஏறியதும் சாய்கிறானா? இன்னும் அந்தத் தூக்கம் தேவை.

வயதை மட்டும் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஃபுளோரைடு பேஸ்ட் 3 வயதுவரை அரிசி அளவு, அதன்பின் பட்டாணி அளவு. பிரஷ் 7 வயதுவரை பெரியவர்கள் கையில்தான். வேர்க்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டலை முழுதாகக் கொடுக்க 4 வயதாவது ஆக வேண்டும், அதுவரை அரைத்தோ மசித்தோ கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். பொம்மை அட்டையில் ‘3+’ என்று போட்டிருப்பது அறிவுக்கான அளவு அல்ல, தொண்டையில் சிக்கும் சிறு பாகங்கள் உள்ளன என்ற எச்சரிக்கை. இருசக்கர வண்டியில் 4 வயதுவரை ஹெல்மெட்டும், குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் இணைப்புப் பட்டையும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. இந்த விதி 2022இல் அறிவிக்கப்பட்டது.

உங்களுக்கான வரிசை இப்படி இருக்கட்டும். இந்த மாதம் பாட்டிலும் காதுப் பரிசோதனையும். அடுத்த மாதம் பகல் டயப்பர். பள்ளி திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரமும் திறந்த பின் இரண்டு வாரமும் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். பள்ளி சேர்ந்ததும் பழகியது கொஞ்சம் பின்வாங்கும், ஜட்டி நனையும், மடியில் ஏறிக்கொள்வான். சில வாரங்களில் சரியாகும். பையில் இரண்டு ஜட்டியும் ஒரு கால்சட்டையும் வைத்து, அவன் ‘மூச்சா’வுக்கு எந்தச் சொல் சொல்வான் என்று டீச்சரிடம் சொல்லிவையுங்கள். முதல் நாள் அவன் பார்க்காதபோது நழுவிவிடாதீர்கள். ‘சாப்பிட்டு முடிச்சதும் அம்மா வருவேன்’ என்று ஒருமுறை சொல்லி, டாட்டா காட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடங்கள். நீங்கள் போன பத்து நிமிடத்துக்குள் அழுகை அடங்கியதா என்று அன்று மாலை டீச்சரிடம் கேளுங்கள்.