அழித்த மடல் எங்கே போனது?

கேள்வி: ஐயா, பனம்பொருட்கள் ஏற்றுமதி செய்கிறோம். கந்தோரில் சொந்தமாக லினக்ஸ் மெயில் சேர்வர் இருக்கிறது. வருகிற மடல்களைச் சேமித்து வைக்க ஒரு தம்பி ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்) எழுதித் தந்தார். இரவு 12 மணிக்கு ஓடும். போன மாதம் வந்த ஒரு ஓடர் மடல் சேமிப்பில் இல்லை. வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கட்டி வேறு மென்பொருள் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (வாசகர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்)

பதில்: காசைக் கையில் வைத்திருங்கள். ஸ்கிரிப்டில் பிழையில்லை, அது ஓடுகிற நேரத்தில்தான் பிழை. காலை 10 மணிக்கு வந்த மடலை உங்கள் கந்தோர்ப் பிள்ளைகளில் ஒருவர் 11 மணிக்கு அழித்து, குப்பைத் தொட்டியையும் காலியாக்கிவிட்டால் நடுச்சாமத்தில் வருகிற ஸ்கிரிப்ட் எதைப் பிடிக்கும்? மடல் சேர்வருக்குள் வரும்போதே, வாசலிலேயே கொப்பி எடுக்க வேண்டும். தொலைந்த மடலை, வாங்குபவரிடமே திரும்ப அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் சேர்வரில் மடல்களை வாங்கி அனுப்புகிற மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ் என்றால் அந்த வசதி காசில்லாமலே அதற்குள் கிடக்கிறது. ‘ரெசிபியன்ட்_பிசிசி_மாப்ஸ்’ அட்டவணையில் உங்கள் முகவரிகளுக்கு எதிரே ஒரு சேமிப்பு முகவரியை எழுதி, அட்டவணையைப் போஸ்ட்ஃபிக்ஸ் வாசிக்கும் வடிவுக்கு மாற்றுகிற போஸ்ட்மாப் கட்டளையை ஓட்டி, ரீலோட் செய்யச் சொல்லுங்கள். சிலர் ‘ஆல்வேஸ்_பிசிசி’ போடச் சொல்வார்கள். வேண்டாம், அது நீங்கள் அனுப்புகிற மடலையும் சேர்த்து அள்ளும்.

ஒன்றில் மட்டும் மிகக் கவனம். சேமிப்புப் பெட்டிக்குக் கோட்டா (இட வரம்பு) வைத்து, அது நிரம்பினால், கொப்பி ஏற்கப்படாமல் திரும்பும். உங்களிடம் அல்ல, மடல் அனுப்பிய ஆளிடமே போய் நிற்கும்! நீங்கள் ஒளித்து வைத்த சேமிப்பு முகவரியும் அதில் இருக்கும். வெளிநாட்டு வாங்குபவர் என்ன நினைப்பார்? ஆகவே அந்தப் பெட்டிக்குக் கோட்டா வைக்கவே கூடாது. வட்டில் இடம் எவ்வளவு மிச்சம் என்று கிழமைக்கொரு தடவை பாருங்கள்.

ஸ்கிரிப்டை எறிய வேண்டாம், அது பொதி கட்டட்டும். மடல்களை வட்டில் வைக்கிற மெயில்டிர் முறையில் ஒரு மடலுக்கு ஒரு கோப்பு. ஒரு மாதம் பழையவற்றை டார் கட்டளையால் ஒரே பொதியாகக் கட்டி வெளி வட்டில் போடலாம். மடல் எழுதி முடியும்வரை கிடக்கிற ‘டெம்ப்’ அடைவைத் தொடக் கூடாது. கோப்புக்குத் திகதியில் பெயர் வைக்கிற வரியைக் கிரொன் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுவது) அட்டவணையில் நேரே எழுதினால் % குறிக்கு முன் \ போட வேண்டும். போடாவிட்டால் கிரொன் அந்த இடத்தோடு கட்டளையை வெட்டிவிடும். கையால் ஓட்டினால் ஓடும், இரவில் ஓடாது. நான் இதற்கே ஒரு பின்னேரத்தைத் தொலைத்திருக்கிறேன்.

மடலைப் பிடிஎஃப் ஆக்கியும் வைக்காதீர்கள். வந்த வடிவிலேயே, தலைப்பு வரிகளோடு இருக்கட்டும். இலத்திரனியல் பதிவுகளை ஏற்கிற சட்டம், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத்தது, இலங்கையில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனாலும் மேசைக்கு மேசை ‘பிரின்ட் எடுத்து முத்திரை குத்திக் கொண்டுவாங்கோ’ என்கிறார்கள். என்னத்தைச் சொல்ல!

மென்பொருள் விற்க வருபவரிடம் கவனம். சேர்வரை முழுதாக ஆளுகிற ரூட் கடவுச்சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, டொமைனையும் (உங்கள் இணையப் பெயரையும்) தன் பெயரில் பதிந்துவிட்டு, பிறகு ஒவ்வொரு வருடமும் காசுக்கு வருகிற ஆட்களை இங்கே நிறையவே பார்த்துவிட்டேன். உங்கள் டொமைன் யார் பெயரில் என்று இன்றைக்கே பாருங்கள்.

தம்பி வேலையை முடித்ததும் வெளி முகவரியிலிருந்து ஒரு மடல் அனுப்பி, உடனே அழித்து, குப்பையையும் காலியாக்குங்கள். பிறகு சேமிப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மடல் அங்கே இருந்தால் மட்டும் அவருக்குக் காசு கொடுங்கள்.