மொரீசியஸ் தீவின் மொழிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மொரீசியஸின் ஆட்சிமொழி ஆங்கிலமா, பிரெஞ்சா? (மதுரை வாசகர்)

இரண்டில் எதையும் நாட்டின் ஆட்சிமொழி என்று 1968-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அறிவிக்கவில்லை. அதன் 49-ஆம் பிரிவு சட்டமன்றத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது: அவையின் மொழி ஆங்கிலம், உறுப்பினர் விரும்பினால் பிரெஞ்சிலும் உரையாற்றலாம். நடைமுறையில் அரசாணைகளும் சட்டங்களும் ஆங்கிலத்தில் வெளிவருகின்றன, நாளிதழ்கள் பெரும்பாலும் பிரெஞ்சில் அச்சாகின்றன, வீட்டிலும் சந்தையிலும் பேருந்திலும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து அங்கேயே உருவான கிரியோல் மொழி ஒலிக்கிறது.

கேள்வி: ஆங்கிலேயர் ஒன்றரை நூற்றாண்டு ஆண்ட பிறகும் பிரெஞ்சு எப்படி நிலைத்தது? (சேலம் வாசகர்)

அதுவரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த தீவு 1810-இல் ஆங்கிலேயரிடம் சரணடைந்தபோது, குடிமக்கள் தங்கள் சமயத்தையும் சட்டங்களையும் வழக்கங்களையும் தொடரலாம் என்பது உடன்பாட்டின் ஒரு நிபந்தனை. கரும்புத் தோட்டங்கள் பிரெஞ்சுக் குடும்பங்களின் கையிலேயே இருந்தன. ஆங்கிலேயரில் அங்கே குடியேறியவர்கள் மிகச் சிலர்; பெரும்பாலோர் அதிகாரிகளாக வந்து, பணிக்காலம் முடிந்ததும் திரும்பிவிட்டார்கள்.

கேள்வி: கிரியோல் என்பது இலக்கணமில்லாத கொச்சை பிரெஞ்சுதானே? (சென்னை வாசகர்)

இல்லை. இந்தக் கருத்து அந்த மக்களை நீண்ட காலம் தலைகுனிய வைத்தது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

18-ஆம் நூற்றாண்டில் மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்குள் பொதுமொழி இல்லை. எசமானர்களின் பிரெஞ்சுச் சொற்களைக் கொண்டு அவர்கள் புதிதாக ஒரு மொழியைக் கட்டினார்கள். சொற்களில் பெரும்பகுதி பிரெஞ்சிலிருந்து வந்தது உண்மை. அவற்றைக் கோக்கும் முறை வேறு. பிரெஞ்சில் வினைச்சொல் பேசுபவருக்கும் காலத்துக்கும் ஏற்ப ஈறு மாறும். கிரியோலிலோ ‘மான்ஸே’ (உண்) என்பது ஆளுக்கேற்பவோ காலத்துக்கேற்பவோ மாறாது. முன்னால் நிற்கும் சிறு சொல்தான் காலத்தைக் காட்டும். ‘மோ டி மான்ஸே’ என்றால் உண்டேன், ‘மோ பே மான்ஸே’ என்றால் உண்டுகொண்டிருக்கிறேன், ‘மோ பூ மான்ஸே’ என்றால் உண்பேன். பெயர்ச்சொற்கள் பலவற்றில் ‘லா’ போன்ற பிரெஞ்சுச் சுட்டு முன்னால் ஒட்டி உறைந்துவிட்டது: ‘லகாஸ்’ என்பதே வீடு என்னும் ஒற்றைச் சொல், ‘அந்த வீடு’ எனக் குறிக்கப் பின்னால் இன்னொரு ‘லா’ சேர்த்து ‘லகாஸ் லா’ என்பார்கள். இவ்வளவு ஒழுங்கு உள்ள மொழியைக் கொச்சை என்பது நியாயமன்று.

எழுத்துமுறைதான் தாமதமாக வந்தது. 2004-இல் ஒரு பொது எழுத்துமுறை முன்மொழியப்பட்டது. 2009-இல் ஆர்னோ கார்ப்பூரன் கிரியோல் சொற்களுக்குக் கிரியோலிலேயே பொருள் கூறும் அகராதியை வெளியிட்டார். 2012-இல் தொடக்கப் பள்ளிகளில் கிரியோல் விருப்பப் பாடமாயிற்று. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 10 பேரில் 9 பேர் வீட்டில் பேசும் மொழி இதுவே.

கேள்வி: அங்கே தமிழ் இன்னும் பேசப்படுகிறதா? (தஞ்சாவூர் வாசகர்)

வீட்டுமொழியாக ஏறக்குறைய மறைந்துவிட்டது என்பதே நேர்மையான பதில். பிரெஞ்சு ஆட்சியிலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் சென்று போர்ட் லூயி நகரைக் கட்ட உழைத்தார்கள். 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக மேலும் பல்லாயிரம் பேர் போனார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் கிரியோலுக்கு மாறிவிட்டார்கள். கணக்கெடுப்பில் வீட்டில் பேசும் மொழியும் முன்னோர் மொழியும் தனித்தனியே கேட்கப்படும். தமிழ் பெரிதும் இடம்பெறுவது இரண்டாவது கேள்வியில்தான்.

ஆனாலும் அது தடமின்றிப் போகவில்லை. தமிழர் கோயிலுக்கு அங்கே ‘கோவில்’ என்றே பெயர். முருங்கைக் கீரை ‘பிரெட் மூரூம்’, பீர்க்கங்காய் ‘பிப்பங்காய்’, கறிவேப்பிலை ‘கரிப்புலே’. தமிழ்க் குடும்பங்கள் மட்டுமல்ல, காய்கறி வாங்கும் எல்லோரும் இவற்றைச் சொல்கிறார்கள். தைப்பூசக் காவடி பொது விடுமுறை நாள். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழுக்கு மேலே இந்தி அச்சானபோது எதிர்ப்பு எழுந்து, அவை திரும்பப் பெறப்பட்டன. வீட்டில் பேசாத மொழிக்காக ஒரு சமூகம் இப்படி எழுந்து நின்றது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

கேள்வி: போஜ்புரியின் நிலை என்ன? (புதுச்சேரி வாசகர்)

பீகார்ப் பக்கத்து மொழியான இது ஒருகாலத்தில் கரும்புக் கிராமங்களின் பொதுமொழியாக இருந்தது; தமிழர், தெலுங்கர் சிலரும் பேசினர். 2000-இல் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரின் வீட்டுமொழியாக இருந்தது இப்போது 5 விழுக்காட்டளவில் நிற்கிறது. திருமண வீட்டுப் பாடல் மரபான ‘கீத் கவாய்’ 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

கேள்வி: பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள்? (திருநெல்வேலி வாசகர்)

பாடநூலும் தேர்வும் ஆங்கிலத்தில். ஆசிரியர் விளக்குவது பெரும்பாலும் பிரெஞ்சிலும் கிரியோலிலும். ஐந்து வயதுக் குழந்தை வீட்டில் கேட்டறியாத மொழியில் கணக்கைப் படிக்கத் தொடங்குவது பெரிய சுமை என்பது என் உறுதியான கருத்து. இன்னொரு சிக்கலும் உண்டு. 2012-இல் கிரியோல் சேர்க்கப்பட்டபோது, அது தமிழ், இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, மாண்டரின் போன்ற மொழிகளோடு ஒரே விருப்ப வரிசையில் வைக்கப்பட்டது. ஆகவே ஒரு தமிழ்க் குடும்பம் தன் பிள்ளைக்குப் பாட்டனின் மொழியையோ தாயின் மொழியையோ தேர்ந்தாக வேண்டியிருந்தது. இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: வேலைக்காக அங்கே செல்லவிருக்கிறேன். எதைக் கற்றுக்கொள்வது? (கோவை வாசகர்)

அலுவலகத்துக்கு ஆங்கிலம் போதும், பிரெஞ்சு தெரிந்தால் நல்லது. அண்டை வீட்டாரோடு பழகக் கிரியோல் வேண்டும். ‘கி மன்யேர்?’ என்றால் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று பொருள், அதிலிருந்து தொடங்குங்கள்.