காதுக்குள் மானிட்டர்: மெல்லிசை மேடைக் கலைஞர்களின் கேள்விகளும் பதில்களும்

இன்-இயர் மானிட்டர் (மேடையில் பாடுபவரும் வாசிப்பவரும் தங்கள் ஒலியைக் கேட்கக் காதுக்குள் மாட்டிக்கொள்ளும் கருவி) பற்றி முன்பெல்லாம் என்னிடம் கேட்கப்பட்டவை பெரும்பாலும் எதை வாங்கலாம் என்ற கேள்விகளே. இப்போது வந்திருப்பவை, வாங்கி மாட்டிக்கொண்டு மேடை ஏறியவர்களின் கேள்விகள். பல ஆண்டுகளாக மெல்லிசைக் கச்சேரிகளில் மானிட்டர் மிக்ஸ் (கலைஞர்களின் காதுக்குப் போகும் ஒலிக்கலவை) செய்துவரும் அனுபவத்திலிருந்து, என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தவற்றை எழுதுகிறேன்.

இன்-இயர் போட்டுக்கொண்டு பாடினால் என் குரல் மண்டைக்குள் முழங்குகிறது. அதனால் ஒரு காதைக் கழற்றிவிட்டுத்தான் பாடுகிறேன். இது தவறா? (பாடகி, திருச்சி)

நீங்கள் சொல்லும் முழக்கம் கருவியின் கோளாறு அன்று. பாடும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமன்றித் தாடை எலும்பின் வழியாகவும் செவிக்குழாயை வந்தடைகிறது. திறந்த காதில் அந்த அதிர்வின் கனத்த பகுதி வெளியே போய்விடும். குழாயின் வாயை அடைத்துவிட்டால் அது போக வழியின்றி உள்ளேயே தங்கிச் செவிப்பறையை அதிரச் செய்கிறது. இரண்டு காதுகளையும் விரல்களால் பொத்திக்கொண்டு ‘ஊ’ என்று இழுத்துப் பாருங்கள், மேடையில் கேட்கும் அதே முழக்கம் கேட்கும்.

இதைக் குறைக்க முதலில் செய்ய வேண்டியது, காதுமுனை ரப்பரை மாற்றுவது. பெரும்பாலானோர் பெட்டியில் ஏற்கெனவே மாட்டப்பட்டு வரும் நடுத்தர அளவையே கடைசிவரை பயன்படுத்துகிறார்கள். அது அரைகுறையாக உட்கார்ந்து, பாட வாயைத் திறக்கும்போதெல்லாம் இறுக்கம் விட்டுப்போகும். மூன்று அளவுகளையும், கிடைத்தால் நுரைமுனையையும் போட்டுப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து மூடினாலும் அசையாமல் சற்று ஆழமாக உட்காருவதைத் தேர்ந்தெடுங்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவது சாதாரணம். காது அச்சு எடுத்துச் செய்துகொள்வதானால், வாயைத் திறந்து வைத்த நிலையில் அச்சு எடுக்கும்படி கேளுங்கள். வாயை மூடிக்கொண்டு எடுத்த அச்சில் செய்தது, உச்சஸ்தாயியில் நீங்கள் வாயைத் திறந்த கணமே காற்றை உள்ளே விட்டுவிடும்.

இரண்டாவது, மிக்ஸில் செய்ய வேண்டியது. எலும்பு வழியே வரும் குரலும் காது மானிட்டர் வழியே வரும் குரலும் செவிக்குள் ஒன்றுசேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று கரைத்துவிடுவதுண்டு. அப்போது குரல் மெலிந்து, தொண்டையிலேயே நின்றுவிட்டதுபோல் இருக்கும். ஒலிப் பொறியாளரிடம் சொல்லி உங்கள் மைக் சேனலின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேடு பள்ளத்தை)த் தலைகீழாக்கிக் கேளுங்கள். மிக்சரில் ஒரே ஒரு பொத்தான்தான். எந்த நிலையில் குரல் நிறைவாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். அரங்கில் இருப்பவர்களுக்கு இதனால் எந்த வேறுபாடும் தெரியாது. கனம் இன்னும் மிச்சமிருந்தால், உங்கள் காதுக்குப் போகும் குரலில் மட்டும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சிறிது குறைக்கச் சொல்லுங்கள்.

இனி ஒரு காதைக் கழற்றுவது பற்றி. அது தவறுதான், அதுவும் கழற்றிய காது, மாட்டியிருக்கும் காது என இரண்டையும் கெடுக்கும் தவறு. ஒரே ஒலியை இரு காதாலும் கேட்கும்போது அது ஒரு காதால் கேட்பதைவிடப் பெரிதாகத் தோன்றும். ஒன்றைக் கழற்றியவுடன் அந்த நிறைவு போய்விடுவதால் உங்கள் விரல் தானாகவே, இடுப்பில் மாட்டிய சிறு பெட்டியான பெல்ட் பேக்கின் ஒலியளவைக் கூட்டும். அதே நேரத்தில் திறந்திருக்கும் காதில் டிரம்ஸின் தாளத்தட்டும் பக்கத்து ஸ்பீக்கரும் வந்து அறைகின்றன. அந்த இரைச்சலுக்கு ஈடுகொடுக்க மாட்டியிருக்கும் காதில் இன்னும் கூட்டுவீர்கள்.

கணக்கைப் பாருங்கள். அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு அமைப்பான நியோஷ், 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி நேரம், 94 என்றால் 1 மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். நம் கச்சேரிகள் மூன்று மணி நேரம் நடக்கின்றன. முழு டிரம்ஸ் வைத்த மேடையில் பாடகர் நிற்கும் இடத்தில் 100 டெசிபலை எட்டுவது அரிதன்று. நன்றாகப் பொருந்திய காதுமுனை வெளி இரைச்சலில் 20 டெசிபலுக்கும் மேல் குறைத்துவிடும் என்பதால், இரு காதிலும் போட்டுக்கொண்டு மெதுவான அளவில் கேட்டால் அந்த மூன்று மணி நேரத்தையும் பத்திரமாகக் கடக்கலாம். இன்-இயர் என்ற கருவியின் முதல் பயனே ஒலியைக் குறைத்துக் கேட்க முடிவதுதான்.

மேடையிலேயே பழகிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், வீட்டுப் பயிற்சியில் நாள்தோறும் அரைமணி நேரம் இரு காதிலும் போட்டுப் பாடிப் பழகுங்கள். என்னுடன் பணியாற்றிய பாடகர்களில் அநேகருக்கு இரண்டு மூன்று வாரங்களில் பழகிவிட்டது.

எங்களுடையது கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் சிறிய குழு. எட்டுப் பேருக்கும் ஒயர்லெஸ் வாங்க வசதியில்லை. எங்கிருந்து தொடங்குவது? (கீபோர்டு கலைஞர், திருநெல்வேலி)

எட்டுப் பேருக்கும் ஒயர்லெஸ் தேவையே இல்லை. கீபோர்டு, டிரம்ஸ், ரிதம் பேட், தபலா ஆகியவற்றை வாசிப்பவர்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. அவர்களுக்கு இடுப்பில் மாட்டும் சிறிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரும் ஒரு நீண்ட கேபிளும் போதும். கேபிளில் அலைவரிசைத் தொல்லை கிடையாது. மிச்சமாகும் பணத்தில் நடமாடிப் பாடும் இருவருக்கு மட்டும் தரமான ஒயர்லெஸ் வாங்குங்கள்.

அதற்கு முன்னால் உங்கள் மிக்சரில் எத்தனை ஆக்ஸ் வெளியீடுகள் (ஒவ்வொருவருக்கும் தனி மிக்ஸ் அனுப்பும் வழிகள்) இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். சிறிய குழுக்களிடம் பரவலாக உள்ள பெரிஞ்சர் எக்ஸ்.ஆர்.18 மிக்சரில் ஆறு ஆக்ஸ்தான். ஆறு பேருக்குத் தனித்தனி மோனோ மிக்ஸ் தரலாம், அல்லது மூன்று பேருக்கு ஸ்டீரியோ தரலாம். அதே நிறுவனத்தின் எக்ஸ்32 போன்றவற்றில் அதே வேலைக்கு 16 மிக்ஸ் பஸ்கள் உள்ளன. ஆக்ஸ் போதாவிட்டால் தபலாவும் டோலக்கும் ஒரே மிக்ஸைப் பகிர்ந்துகொள்ளட்டும், பாடகர்களைப் பகிர வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். அந்த ஆக்ஸ்கள் அனைத்தும் ப்ரீ-ஃபேடராக (அரங்கின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்குக் கட்டுப்படாதவையாக) இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அரங்கின் ஒலிக்காகப் பொறியாளர் ஃபேடரை இறக்கும்போதெல்லாம் பாடகரின் காதில் அவர் குரலே காணாமல் போகும்.

ஒயர்லெஸ் அடிக்கடி விட்டுவிட்டுக் கேட்கிறது. சவுண்ட் செக்கில் சரியாக இருந்தது, கூட்டம் சேர்ந்த பிறகுதான் தொல்லை. (குழு நிர்வாகி, ஈரோடு)

நீங்கள் அனுப்பிய விவரத்தின்படி உங்களிடம் இருப்பவை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் செட்டுகள். வைஃபையும் புளூடூத்தும் குடியிருக்கும் அதே இடம் அது. மாலை ஐந்து மணிக்குக் காலியாக இருந்த மண்டபத்தில் எட்டு மணிக்கு ஆயிரம் கைப்பேசிகள் வந்துவிடுகின்றன; போதாக்குறைக்கு மனித உடலில் உள்ள நீர் அந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். உடனடியாகச் செய்யக்கூடியது, டிரான்ஸ்மிட்டரை மிக்சருக்குப் பக்கத்தில் கூட்டத்தின் நடுவே வைக்காமல், மேடை ஓரத்தில் தலைக்கு மேலான உயரத்தில், பாடகருக்கு நேர்ப்பார்வையில் வைப்பது. நிலையான தீர்வு, வைஃபை இல்லாத யு.எச்.எஃப் அலைவரிசைச் செட்டுக்கு மாறுவதுதான்.

யு.எச்.எஃபிலும் கவனம் வேண்டும். 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2022 ஏலத்தில் 5ஜி சேவைக்காக விற்கப்பட்டுவிட்டதால், அதில் இயங்கும் பழைய செட்டுகள் மலிவாகக் கிடைக்கும்போது பின்பக்க ஒட்டுத்தாளில் உள்ள அலைவரிசை எல்லையைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டுக்கும் மேற்பட்ட செட்டுகள் இயங்கும்போது சமமான இடைவெளியில் அலைவரிசைகளை அமைப்பது, பார்க்க ஒழுங்காகத் தோன்றினாலும், பெரும்பிழை. 520, 521, 522 மெகாஹெர்ட்ஸ் என்று மூன்றை வைத்ததாகக் கொள்வோம். முதல் இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும்போது 519, 522 ஆகிய இடங்களில் போலி அலைகள் உருவாகும். 521-ஐ இரட்டித்து 520-ஐக் கழித்தால் 522 வருவதே அதன் கணக்கு. மூன்றாவது செட்டு அந்தப் போலி அலையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். தயாரிப்பாளர்கள் செட்டுக்குள் தரும் ‘குரூப்’ வரிசையிலிருந்தே சேனல்களைத் தேர்ந்தெடுத்தால், இந்தக் கணக்கை அவர்களே போட்டு வைத்திருப்பார்கள்.

என் டோலக் எனக்குக் கேட்பதே இல்லை. எவ்வளவு ஏற்றச் சொன்னாலும் போதவில்லை. (டோலக் கலைஞர், மதுரை)

ஏற்றுவதில் தீர்வு இல்லை, மற்றவற்றை இறக்குவதில் இருக்கிறது. ஒரு திருமண வரவேற்பில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று டோலக் வாசித்தவர் மூன்று பாடல்களுக்குள் நான்கு முறை கட்டைவிரலை மேலே காட்டினார். நானும் ஏற்றிக்கொண்டே போனேன். நான்காவது முறை அவருடைய மிக்ஸை என் ஹெட்போனில் போட்டுக் கேட்டபோதுதான் என் தவறு புரிந்தது. இரண்டு கீபோர்டுகளின் ஸ்டிரிங்ஸ் ஒலி, ஒரு கம்பளம்போல, டோலக்கின் தொப்பி எனும் கனத்த பக்கத்தின் நாதம் இருக்க வேண்டிய இடத்தை முழுவதும் மூடியிருந்தது. இரண்டாவது கீபோர்டை அவர் மிக்ஸிலிருந்து அறவே எடுத்தேன், முதலாவதைப் பாதியாக்கினேன். டோலக்கைத் தொடவில்லை. அடுத்த இடையிசையில் அவர் தலையை ஆட்டிக்கொண்டே வாசித்தார்.

ஆகவே அடுத்த சவுண்ட் செக்கில் உங்கள் மிக்ஸைக் காலியாக்கச் சொல்லித் தொடங்குங்கள். முதலில் உங்கள் வாத்தியம், அடுத்து தாளத்தைப் பிடித்துவைக்கும் ஒன்று (காதில் மட்டும் ஒலிக்கும் தாளத் தட்டான கிளிக், ரிதம் பேட், பேஸ் கிட்டார் ஆகியவற்றில் ஏதேனும்), பிறகு பாடகரின் குரல். இவ்வளவிலேயே ஒரு பாடலை முழுதாக வாசித்துப் பாருங்கள். பிறகு உண்மையிலேயே எது இல்லாமல் தடுமாறினீர்களோ, அதை மட்டும் கேட்டு வாங்குங்கள். ஸ்டீரியோ மிக்ஸ் கிடைக்குமானால் உங்கள் வாத்தியத்தை நடுவில் வைத்து, தபலாவை ஒரு பக்கமும் கீபோர்டை மறுபக்கமும் தள்ளச் சொல்லுங்கள். ஒலியளவைக் கூட்டாமலே ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளியும்.

காதில் போட்டதிலிருந்து ரசிகர்களின் கைதட்டல்கூடக் கேட்பதில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் பாடுவதுபோல் இருக்கிறது. (பாடகர், கோவை)

மேடையின் இரு முனைகளிலும் அரங்கை நோக்கி இரண்டு மைக்குகளை வைத்து, அவற்றை இன்-இயர் மிக்ஸுக்கு மட்டும், இடதும் வலதுமாக அனுப்ப வேண்டும். முதன்மை ஸ்பீக்கருக்கு அவை போகவே கூடாது. கீழ் அதிர்வெண்களை நன்றாக வெட்டிவிட்டு, பாடல் நடக்கும்போது தாழ்த்தியும் முடியும்போது உயர்த்தியும் கொடுக்கும் பொறியாளர் அமைந்தால் அந்தக் கண்ணாடிப் பெட்டி உடைந்துவிடும். கூடவே, குழுத் தலைவருக்கு எல்லோர் காதுக்கும் மட்டும் கேட்கும் ஒரு பேச்சு மைக்கையும் காலால் அழுத்தும் சுவிட்சுடன் கொடுத்துவிடுங்கள். ‘அடுத்த பாட்டு, அரைக்கட்டை இறக்கி’ என்று ஒருவர் மூலம் ஒருவருக்குச் சைகையில் கடத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கைப்பேசியுடன் பயன்படுத்தும் புளூடூத் இயர்போனை மானிட்டராகப் பயன்படுத்தலாமா? (பலர்)

கூடாது. சாதாரண புளூடூத்தில் ஒலி 100 மில்லி விநாடிக்கும் மேல் தாமதித்து வரும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி ஆகிறது என்பதை வைத்துப் பார்த்தால், முப்பது மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பதற்கு ஒப்பானது அது. தாளம் நிச்சயமாகச் சிதறும். கேபிள் உள்ள இயர்போனாக இருந்தால், விலை குறைந்ததாயினும், காதை நன்றாக அடைத்தால் போதும், தாராளமாகத் தொடங்கலாம்.

சென்ற மாதம் ஒரு நிகழ்ச்சியில் காதுக்குள் வெடித்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. அன்று முதல் வலது காதில் மெல்லிய ‘ஙொய்’ ஒலி இருந்துகொண்டே இருக்கிறது. காலப்போக்கில் சரியாகுமா? (பேஸ் கிட்டார் கலைஞர், சேலம்)

தயவுசெய்து இதைப் படித்த கையோடு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் கேட்கும் திறனைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். திடீர் ஒலி அதிர்ச்சிக்குப் பிறகு ஏற்படும் இரைச்சலோ மந்தமோ ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவரைப் பார்ப்பதே முறை. இத்தகைய பாதிப்புகளில் சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவுக்கு நல்லது. நீங்கள் ஏற்கெனவே ஒரு மாதத்தைக் கடத்திவிட்டீர்கள். உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரில் மீண்டும் வளர்வதில்லை. மருத்துவர் சொல்லும்வரை மேடை ஏறாதீர்கள்.

அந்த வெடிப்பு எதனால் வந்திருக்கும் என்பதையும் சொல்கிறேன், ஏனெனில் அதேபோன்ற ஒன்று என் கண்ணெதிரே நடந்திருக்கிறது. வெளியூர் நிகழ்ச்சி ஒன்றில் இரண்டு பாடல்களுக்கு இடையே, மேடை உதவியாள் ஒருவர் கிட்டார் கேபிளைச் சேனலை மூடாமலே உருவினார். அந்தச் சேனல் இருந்த நான்கு காது மிக்ஸ்களிலும் அறைந்ததுபோல் ஒரு ஒலி பாய்ந்தது. நால்வரும் ஒரே நேரத்தில் காதைப் பிடுங்கிய காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அன்று அந்த மிக்ஸ்களில் லிமிட்டர் (ஒலி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டாமல் தடுப்பது) போட்டிருந்ததால் எவருக்கும் காயமில்லை. அது இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே உங்கள் குழுவில் யார் மிக்ஸ் செய்தாலும், காதுக்குப் போகும் ஒவ்வொரு மிக்ஸின் கடைசிக் கட்டத்திலும் லிமிட்டர் போட்டிருக்கிறதா என்று நிகழ்ச்சிக்கு முன் வாய்விட்டுக் கேளுங்கள். பெல்ட் பேக்கிலும் அதற்கென அமைப்பு இருந்தால் அதையும் இயக்குங்கள். கேபிளைக் கழற்றும்முன் பொறியாளரைப் பார்த்துக் கையை உயர்த்த வேண்டும், அவர் சேனலை மூடித் தலையசைத்த பிறகே உருவ வேண்டும் என்பதை உதவியாளர்கள் உட்பட அனைவருக்கும் விதியாக்குங்கள். காதில் மாட்டும்போதும் பெல்ட் பேக்கின் ஒலியளவைப் பூஜ்யத்தில் வைத்து மாட்டி, பாடல் தொடங்கிய பிறகு மெல்ல ஏற்றுங்கள்.