கழிப்பறையின் வாசல் எந்தப் பக்கம்?

கேள்வி: எங்கள் பகுதியில் கட்டிய பொதுக் கழிப்பறை ஓராண்டுக்குள் பூட்டிக் கிடக்கிறது. “கட்டுவதற்கு முன் எங்களை ஏன் கேட்கவில்லை?” என்று பெண்கள் கேட்டபோது, “இது பொறியாளரின் வேலை, ஆளுக்கொன்று சொன்னால் வேலை நடக்காது” என்று பதில் வந்தது. இது சரிதானா?

– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சரியில்லை. கலவை விகிதமும் கழிவுநீர்க் குழாயின் சரிவும் பொறியாளரின் பொறுப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் வாசல் எந்தப் பக்கம் இருந்தால் விடியற்காலை இருட்டில் ஒரு பெண் தயங்காமல் வருவாள் என்பதை அவளைக் கேட்காமல் எந்த வரைபடத்திலும் குறிக்க முடியாது.

மும்பை, புனே நகரங்களின் அனுபவம் இதற்குத் தெளிவான சான்று. கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மும்பைக் குடிசைப் பகுதியில் வாழ்ந்து, 2000-இல் மகசேசே விருது பெற்ற ஜோக்கின் அற்புதம் வழிநடத்திய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும், நடைபாதைவாசிப் பெண்களின் ‘மகிளா மிலன்’ அமைப்பும், 1984-இல் தொடங்கிய ‘ஸ்பார்க்’ தொண்டு நிறுவனமும் சேர்ந்து இதில் பல ஆண்டுகள் உழைத்தன. ஒப்பந்தக்காரர்கள் கட்டிய பழைய கழிப்பறைகளில் என்ன குறை என்று பெண்களைக் கேட்டபோது, எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லாத செய்திகள் வெளிவந்தன. ஆண்கள் வரிசையை மீறி முந்திக்கொண்டார்கள். பெரியவர்கள் அவசரத்தில் குழந்தைகளை ஒதுக்கித் தள்ளினார்கள். இருட்டுக்கும் பெரிய குழிக்கும் அஞ்சிய குழந்தைகள் வெளியே சாக்கடையோரம் உட்கார்ந்தார்கள்.

1999-க்குப் பின் புனே மாநகராட்சியின் திட்டத்தில் இந்த அமைப்புகள் கட்டியவற்றில் இவற்றுக்கெல்லாம் விடை இருந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வாசல். குழந்தைகளுக்கென்று, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் சிறிய குழியும் கொண்ட தனி இடம். தண்ணீர் வாளியோடு வருபவர் தள்ளித் திறக்கும்படி இரு பக்கமும் அசையும் கதவு. பராமரிப்பவர் குடும்பத்தோடு தங்க ஓர் அறை. அந்தக் கதவை எண்ணிப் பாருங்கள்: நாள்தோறும் நிறைந்த வாளியைத் தூக்கியவர் அல்லாமல் வேறு யாருக்கு அது தோன்றும்?

“ஆளுக்கொன்று சொல்வார்கள்” என்ற கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. காலை பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டு மைக்கை நீட்டினால், கூலி வேலைக்குப் போன பெண்கள் வர முடியாது. ஊரில் செல்வாக்குள்ளவரின் கருத்தே மக்களின் கருத்தாகப் பதிவாகிவிடும். வாடகைக்குக் குடியிருப்பவர், மாற்றுத்திறனாளி, ஒதுக்கப்பட்ட தெருவில் வாழ்பவர் ஆகியோரின் குரலைத் தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும். மும்பையில் மகிளா மிலன் பெண்களே வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். வீட்டுத் திட்டம் வந்தபோது மரச்சட்டமும் துணியும் கொண்டு முழு அளவு மாதிரி வீட்டை நிறுத்தி, அதற்குள் நடந்து பார்த்து அளவுகளைப் பேசினார்கள். துணிச்சுவரை நகர்த்த ஒரு நிமிடம் போதும். செங்கல் சுவரானால் இடித்துத்தான் ஆக வேண்டும்.

பூட்டிய கட்டடத்துக்கு மறுபடியும் வெள்ளையடிக்க மதிப்பீடு தயாராவதற்கு முன், அதைப் பயன்படுத்திப் பின்பு நிறுத்திக்கொண்ட பத்துப் பெண்களோடு பொறியாளர் ஒரு மாலை நேரத்தில் அங்கேயே நின்று பேச ஏற்பாடு செய்யுங்கள். தண்ணீர் எந்நேரம் நின்றது, விளக்கு எப்போது எரியாமல் போனது, சாவி யார் கையில் இருந்தது என்ற மூன்று கேள்விகளிலிருந்து தொடங்கி, அவர்கள் சொல்வதை அவர்கள் முன்னிலையிலேயே எழுதி, மதிப்பீட்டோடு இணைக்கச் சொல்லுங்கள்.